நாற்பதாயிரம் ரூபாய் மடக்குக் கத்தி: எதற்காகக் கொடுக்கிறோம்?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத் தலைநகர் போய்ஸியில் கிறிஸ் ரீவ் நைவ்ஸ் என்றொரு நிறுவனம் இருக்கிறது. அது செய்யும் ‘செபென்ஸா’ என்ற டைட்டானிய மடக்குக் கத்தியின் சிறிய அளவே 400 டாலருக்கு மேல். பெரியது 500 டாலரை ஒட்டி வரும். நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டி பிரிப்பது, கயிறு அறுப்பது, மாங்காய் கீறுவது என்று ஒரு மடக்குக் கத்திக்கு அன்றாடம் வரும் வேலைகளையெல்லாம் செய்யக்கூடிய பிரெஞ்சு ஒப்பினெல் கத்தி ஏறத்தாழ இருபது டாலருக்குக் கிடைக்கிறது. இருபது மடங்கு கூடுதலாகக் கொடுத்தால் நமக்கு என்ன வருகிறது?

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டும் திறனுக்காக இந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். டைட்டானியம் என்ற உலோகத்துக்காகவும் கொடுக்காதீர்கள். ஒரே கத்தியைப் பிரித்துத் துடைத்து, தீட்டி, திரும்பப் பூட்டி ஆண்டுக்கணக்கில் வைத்துப் புழங்கும் குணம் உங்களுக்கு இருந்தால் இந்த விலை நியாயம். மற்றவர்களுக்கு இதில் பாதி விலைக்குள்ளேயே மிக நல்ல கத்திகள் இருக்கின்றன. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை உலோகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

டைட்டானியக் கத்தி என்று சொன்னாலும் அதில் வெட்டும் அலகு எஃகுதான். கைப்பிடி மட்டுமே டைட்டானியம். நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் சேர்ந்த கலவை அது. விமானத் தொழிலில் மிகுதியாகப் புழங்குவதும் இதே கலவைதான். ராக்வெல் சி அளவையில் அதன் கடினம் 36-ஐ ஒட்டி நிற்கும். நல்ல கத்தி எஃகு 58 முதல் 64 வரை போகும். டைட்டானியத்தில் அலகு செய்தால் கூர் சீக்கிரமே மடங்கிவிடும். எஃகைவிட உறுதியான உலோகம் என்று விளம்பரத்தில் வரும் வரியைக் கத்தி வாங்குகிறவர் நம்பக் கூடாது. எடைக்கு எடை ஒப்பிட்டால்தான் அந்தப் பேச்சுக்கு இடம்; கடினத்தில் எஃகுதான் வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

சரி, எடைக்காக வாங்கலாமா? ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், டைட்டானியம் 4.4 கிராம். எஃகுக் கைப்பிடியோடு ஒப்பிட்டால் நல்ல லாபம்தான். ஆனால் இன்றைக்கு இலேசான கத்தி வேண்டும் என்பவருக்கு எதிரே நிற்பது எஃகுக் கைப்பிடி அல்ல, கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக். பெஞ்ச்மேட் நிறுவனத்தின் ‘பக்அவுட்’ 52 கிராம்தான். சிறிய செபென்ஸா 85 கிராமை ஒட்டி வரும், அதுவும் பக்அவுட்டைவிடக் குட்டையான அலகோடு. சட்டைப் பையில் பாரம் தெரியக் கூடாது என்பதே உங்கள் தேவை என்றால் டைட்டானியம் இந்தப் போட்டியில் தோற்றுவிட்டது.

அப்படியானால் டைட்டானியம் எங்கேதான் ஜெயிக்கிறது? பூட்டில். இதை நன்றாகப் புரிந்துகொண்டால் இந்த வகைக் கத்திகள் ஏன் பிறந்தன என்பதே விளங்கிவிடும்.

விரித்த மடக்குக் கத்தி வேலையின் நடுவில் தானாக மடங்கினால் விரல் போகும். அதைத் தடுக்க அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் 1980-களில் ஒரு முறையைச் செம்மைப்படுத்தினார். கைப்பிடிக்கு உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகடு. அலகை விரித்ததும் அந்தத் தகட்டின் நுனி உள்பக்கமாகப் பாய்ந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். கட்டைவிரலால் தகட்டைத் தள்ளினால் மடக்கலாம். கிறிஸ் ரீவ் அடுத்த அடி எடுத்துவைத்தார். உள்ளே தனியாக ஒரு மெல்லிய தகடு எதற்கு, கைப்பிடியின் ஒரு பக்கத்தையே பூட்டாக்கிவிடலாமே என்பது அவருடைய எண்ணம். மூன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கைப்பிடித் தகட்டில் நீளவாக்கில் ஒரு கீற்று வெட்டி, அந்தத் துண்டை ஓரிடத்தில் மட்டும் மெலிதாக்கி, உள்ளே சற்று வளைத்து வைத்தார். இப்போது கத்தியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு உறுதியாகப் பூட்டும் அழுந்துகிறது. உங்கள் விரல்களே பூட்டின் பின்னால் நிற்கின்றன.

இதற்கு டைட்டானியம் பொருந்துவதற்கு உண்மையான காரணம் உண்டு. எஃகோடு ஒப்பிட்டால் அதன் விறைப்பு ஏறத்தாழ பாதிதான். அதனால் தடித்த துண்டும் வில்லாக வளைந்து, மீண்டும் தன் இடத்துக்கு வரும்; எளிதில் வளைந்தபடியே நின்றுவிடாது. தடிமனும் வேண்டும், வில்தன்மையும் வேண்டும், துருவும் பிடிக்கக் கூடாது என்று மூன்றையும் ஒருசேரக் கேட்டால் இந்தக் கலவையைத் தாண்டி அதிகம் தேட முடியாது.

ஆனால் அதே இடத்தில்தான் அதன் குறையும் இருக்கிறது. டைட்டானியமும் எஃகும் அழுத்தத்தோடு உரசினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். புதிய கத்தியில் பூட்டு ஒட்டிக்கொண்டு, மடக்கும்போது கட்டைவிரல் வலிக்கத் தள்ள வேண்டியிருக்கும். நாள்பட மென்மையான டைட்டானியம் தேய்ந்து, பூட்டுத் துண்டு அலகின் அடியில் மெல்ல மெல்ல மறுபக்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போகும். மறு ஓரத்தைத் தொட்டுவிட்டால் அலகில் ஆட்டம் வந்துவிடும். இதற்கு ஒவ்வொருவரும் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். சிலர் முட்டும் முனையைச் சூடாக்கிக் கடினமாக்குகிறார்கள். சிலர் அங்கே ஒரு சிறு எஃகுத் துண்டைத் திருகி வைக்கிறார்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். செபென்ஸாவின் இப்போதைய வடிவமான ‘செபென்ஸா 31’-இல் அந்த இடத்தில் ஒரு செராமிக் குண்டைப் பதித்திருக்கிறார்கள். அலகு விரிந்தபோது முட்டுக்கொடுப்பதும் அந்தக் குண்டுதான், மடங்கியபோது தானாக விரியாமல் பிடித்துக்கொள்வதும் அதுவேதான். எந்த விலையில் டைட்டானியக் கத்தி வாங்கினாலும் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள். எஃகும் இல்லை, செராமிக்கும் இல்லை, வெறும் டைட்டானியம் என்றால் குறைந்தபட்சம் முனையைக் கடினப்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உப்புக் காற்று, வியர்வை எதற்கும் டைட்டானியம் துருப்பிடிக்காது. வெப்பத்தை மந்தமாகக் கடத்துவதால் குளிர்காலத்தில் எஃகைப்போலவோ அலுமினியத்தைப்போலவோ கையைச் சுரீரென்று குளிரவைக்காது. நம் ஊர்ச் சட்டைப் பைக்கு இது பெரிய விஷயம் இல்லை. சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டால் கீறல் விழும். நீலம், ஊதா, பொன் என்று தெரியும் நிறங்கள் சாயம் அல்ல. மின்சாரம் செலுத்திப் பரப்பில் வளர்த்த ஆக்சைடு படலத்தின் தடிமனுக்கு ஏற்ப ஒளி காட்டும் நிறங்கள். அழகுதான். புழங்கப் புழங்கத் தேய்ந்துபோகும். நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர் இதைத் தெரிந்தே கொடுக்க வேண்டும்.

இந்த உலோகம் அரிதானது, அதனால்தான் விலை என்பதும் சரியல்ல. பூமியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள தனிமங்களின் வரிசையில் டைட்டானியம் ஒன்பதாவது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாக மின்னும் மணலில் இருக்கும் இல்மனைட் அதன் தாதுதான். உலகெங்கும் வெட்டியெடுக்கும் தாதுவில் பெரும்பங்கு வெள்ளைப் பெயின்டுக்கான நிறமியாகப் போகிறது. உலோகமாக்குவதுதான் பாடு. தாதுவை டெட்ராகுளோரைடாக்கி, மக்னீசியத்தோடு சேர்த்து அடைத்த கலத்தில் சூடாக்க வேண்டும். 1940-களில் க்ரோல் என்ற உலோகவியலாளர் கொண்டுவந்த அந்த முறைதான் இன்னும் நடக்கிறது. அதற்குப் பிறகு கடைசல். வெப்பம் உலோகத்தில் பரவாமல் வெட்டும் கருவியின் நுனியிலேயே தங்கிவிடுவதால் கருவி சீக்கிரம் தேயும். மெதுவாகத்தான் கடைய முடியும். சீவல்கள் தீப்பிடிக்கவும் கூடும். ஆனாலும் ஒரு கத்திக்கு வேண்டிய டைட்டானியம் சில பத்துக் கிராம். அதை வாங்கி வடிவாகக் கடைந்தெடுக்கும் செலவு எதுவாக இருந்தாலும் 500 டாலருக்கு அது விளக்கம் ஆகாது. சீனத்து யாங்ஜியாங் நகரத் தொழிற்சாலைகள் இதே கலவையில் 200 டாலருக்குக் கத்தி செய்து, லாபமும் பார்க்கின்றனவே.

மீதிப் பணம் எங்கே போகிறது என்று கேட்டால், என் பதில்: அலகு சுழலும் அந்த ஆணிக்கு.

சாதாரண மடக்குக் கத்தியில் அலகு ஒரு திருகாணியைச் சுற்றிச் சுழல்கிறது. திருகாணியை அதிகம் இறுக்கினால் அலகு நகராது. தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கண்டுபிடித்து, திருகாணி நழுவாமலிருக்கப் பசை போட்டு நிறுத்துவார்கள். சில மாதங்களில் அது மறுபடி தளரும். மறுபடி சரிசெய்ய வேண்டும். செபென்ஸாவில் திருகாணிக்கும் அலகுக்கும் நடுவே ஓர் உலோகக் குழாய் இருக்கிறது. அலகும் அதன் இருபுறமும் உள்ள வெண்கல வாஷர்களும் சேர்ந்த தடிமனைவிட அந்தக் குழாய் இம்மியளவு நீளம். திருகாணியை முழு வலுவோடு இறுக்கினாலும் கைப்பிடியின் இரண்டு பக்கங்களும் குழாயின் மேல்தான் போய் அமரும். அலகின் மேல் அழுத்தம் ஏறாது. அதனால் சரிபார்க்க எதுவும் இல்லை. பிரிக்கலாம், துடைக்கலாம், மசகு தடவலாம், இறுக்கித் திருகலாம். கத்தி முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடும். ஆனால் இது நடக்க வேண்டுமானால் குழாயும் அலகும் வாஷரும் ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனைவிட மிகச் சிறிய அளவுக்குள் பிசகாமல் இருக்க வேண்டும். குழாய் கொஞ்சம் கூடினால் அலகு ஆடும், கொஞ்சம் குறைந்தால் இறுகிவிடும்.

ரீவ் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அச்சு வார்ப்புக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்றவர். 1989-இல் அமெரிக்காவில் குடியேறினார். அந்தத் தொழிலின் துல்லியத்தைத்தான் கத்திக்குள் கொண்டுவந்தார் என்பது என் எண்ணம். மற்ற நிறுவனங்கள் பல, கத்தியைப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று எச்சரித்த காலத்திலேயே, இவர்கள் பிரிப்பதற்கான சாவியைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். பழைய கத்தியை அனுப்பினால் துடைத்து, தேய்ந்த பாகம் மாற்றி, தீட்டித் திருப்பி அனுப்பும் சேவையும் உண்டு. இந்த நம்பிக்கைக்கு விலை உண்டு என்று நான் ஒப்புக்கொள்கிறேன். கையால் நன்றாகச் செய்த ஒரு பொருளைத் திறந்து பார்த்து, அது எப்படி இயங்குகிறது என்று அறிந்து, பழுதைத் தானே நீக்கிக்கொள்வதில் இருக்கும் நிறைவு சின்ன விஷயம் அல்ல.

எஃகின் கதையிலும் இவருக்குப் பங்கு உண்டு. க்ரூசிபிள் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட எஸ்30வி என்ற எஃகைக் கத்திக்கென்றே உருவாக்கியபோது ஆலோசனை சொன்னவர்களில் ரீவும் ஒருவர். இப்போது செபென்ஸாவில் வருவது 2021-இல் அறிமுகமான மேக்னாகட். லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்தது. கூர் நிற்பது, எளிதில் உடையாதது, துருப்பிடிக்காதது என்ற மூன்றையும் நல்ல அளவில் ஒரே எஃகில் சேர்த்ததே அதன் சாதனை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த எஃகு செபென்ஸாவுக்கு மட்டும் உரியதல்ல. அதைவிடப் பாதிக்கும் குறைந்த விலையில் பிளாஸ்டிக் கைப்பிடியோடு மேக்னாகட் அலகுள்ள கத்திகள் சந்தையில் இருக்கின்றன.

வெட்டுவதைப் பற்றி இப்போது பேசுவோம். வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரு கத்தி எவ்வளவு நன்றாக வெட்டும் என்பதை எஃகின் பெயரைவிட அலகின் வடிவம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. முதுகு எவ்வளவு தடிமன், வாய்ப்பக்கம் எவ்வளவு மெலிந்திருக்கிறது, கூரை எந்தக் கோணத்தில் தீட்டியிருக்கிறது என்ற மூன்றும்தான் முக்கியம். ஒப்பினெல் 8-ஆம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர் நீளம், முதுகுத் தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. செபென்ஸாவின் முதுகு மூன்று மில்லிமீட்டரைத் தொடும். ஒரு பச்சை மாங்காயைக் கீறிப் பாருங்கள். ஒப்பினெல் உள்ளே இறங்கி மறுபக்கம் வந்துவிடும். தடித்த அலகு பாதி இறங்கியதும் ஆப்பாக மாறி மாங்காயைப் பிளக்கும், துண்டு தெறிக்கும். கேரட்டும் அப்படித்தான், கெட்டியான கொய்யாவும் அப்படித்தான். சமையலறைக்கும் பயணத்தில் பழம் நறுக்குவதற்கும் கத்தி தேடுபவர் நாற்பதாயிரம் கொடுத்தால் முன்னைவிட மோசமாக நறுக்கும் கத்தியைத்தான் பெறுவார். இதை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்.

அட்டை, நார்க்கயிறு, பிளாஸ்டிக் பட்டை என்று வந்தால் கணக்கு மாறும். அட்டை எஃகைத் தேய்க்கும். ஒப்பினெலின் எளிய எஃகு சீக்கிரம் மழுங்கும். மேக்னாகட் அதைவிட வெகுநேரம் தாங்கும். கடையிலோ கிடங்கிலோ நாள் முழுக்கப் பெட்டி பிரிப்பவர் இந்த வித்தியாசத்தை உணர்வார். வீட்டுக்கு வரும் பொட்டலங்களைப் பிரிப்பவர் உணரமாட்டார்.

ஒப்பினெலுக்கும் குறைகள் உண்டு. 1890-இல் பிரான்ஸின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் தொடங்கிய வடிவம் பெரிதும் மாறாமல் வருகிறது. 1955-இல் சேர்ந்த சுழல் வளையம்தான் பூட்டு. கைப்பிடி பீச் மரம். ஈரம் பட்டால் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். நம் ஊர் மழைக்காலத்தில் நகத்தால் இழுத்துத் திறக்க முடியாத அளவுக்கு இறுகும். கார்பன் எஃகு வகையை வாங்கினால் எலுமிச்சைச் சாறு பட்ட உடனே கறுக்கும், துடைக்காமல் வைத்தால் துருவேறும். துருப்பிடிக்காத வகையை வாங்கி, மரத்தில் கொஞ்சம் எண்ணெய் ஏற்றினால் பெரும்பகுதி தீரும். ஒரு கையால் திறக்க முடியாது என்பது இன்னொரு குறை. ஏணியில் நின்றுகொண்டு, ஒரு கையால் கிளையைப் பிடித்தபடி மறு கையால் கத்தியைத் திறக்க வேண்டியவருக்கு அது பெரிய குறைதான்.

ஐடஹோவிலேயே இன்னொரு கத்தி நிறுவனமும் இருக்கிறது. பக் நைவ்ஸ் 2005-இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஐடஹோவின் போஸ்ட் ஃபால்ஸ் ஊருக்கு இடம்மாறியது. 1964-இல் வந்த அதன் ‘பக் 110’ கத்திதான் பூட்டுள்ள மடக்குக் கத்தியை அமெரிக்க வேட்டைக்காரர்களின் இடுப்புக்குக் கொண்டுவந்தது. பித்தளை முகப்பு, மரக் கைப்பிடி, முதுகுப்பக்கப் பூட்டு. எஃகு 420எச்சி என்ற எளிய வகை. ஆனால் அதைப் பதப்படுத்துவதில் இவர்களுக்கு இருக்கும் தேர்ச்சி பெயர்பெற்றது. விலை செபென்ஸாவில் ஒரு சிறு பங்குதான். எடை 200 கிராம், அதனால் பையில் போட முடியாது, உறையில்தான் வைக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஒரே கத்தி என்ற ஆசை நிறைவேற நாற்பதாயிரம் தேவையில்லை என்பதற்கு இதுவே போதுமான சாட்சி. அரை நூற்றாண்டுக்கு முன் வாங்கிய பக் 110 இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் வீடுகள் அமெரிக்காவில் ஏராளம்.

நடு விலைக்கு வருவோம். என் கணிப்பில் பணத்துக்கு மிக அதிகம் திருப்பித் தரும் இடம் இதுதான். 170 முதல் 200 டாலர் வரை கொடுத்தால் பெஞ்ச்மேட் பக்அவுட், ஸ்பைடர்கோவின் பாரா மிலிட்டரி 2 போன்றவை கிடைக்கும். இரண்டிலும் எஃகு செபென்ஸாவின் முந்தைய தலைமுறை எஃகுகளுக்கு நிகர். இரண்டையும் ஒரு கையால் திறந்து, விரல் அலகின் பாதையில் வராமல் மடக்கலாம். கைப்பிடியின் ஒரு பக்கமே பூட்டாக உள்ள டைட்டானியக் கத்தியில் கட்டைவிரல் அலகின் பாதையில் நின்றுதான் பூட்டை விடுவிக்க வேண்டும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் விலை குறைந்தவையே மேல். பக்அவுட்டின் பூட்டு இடக்கை, வலக்கை இரண்டுக்கும் பொதுவானது. செபென்ஸா இடக்கையருக்குத் தனியாகச் செய்யப்பட்டதைத்தான் வாங்க வேண்டும். பக்அவுட்டின் பிளாஸ்டிக் கைப்பிடி இறுக்கிப் பிடித்தால் சற்று வளைவதாகத் தோன்றும். உடைந்துபோகாது, ஆனாலும் அந்த உணர்வு சிலருக்குப் பிடிக்காது. கடலோரத்தில் வேலை செய்பவர் ஸ்பைடர்கோவின் ‘சால்ட்’ வரிசையைப் பார்க்கலாம். உப்புநீரில் கிடந்தாலும் துருவேறாத எஃகுகளை அந்த வரிசைக்கென்றே தேர்ந்தெடுக்கிறார்கள், விலையும் நடு விலைதான். டைட்டானியக் கைப்பிடி உப்பைத் தாங்கும் என்று பெருமைப்படுவதைவிட, உப்பைத் தாங்கும் அலகுக்குப் பணம் கொடுப்பது அறிவு.

அதற்கும் கீழே, 50 டாலரை ஒட்டி, சிவிவி எலிமென்டம் போன்ற சீனக் கத்திகள் இருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் இந்த விலையில் நினைத்துப்பார்க்க முடியாத அளவுக்குச் செம்மை. டி2 எஃகு வகையை வாங்கினால் மட்டும் கவனம் வேண்டும். அது முழுமையாகத் துருப்பிடிக்காத எஃகு அல்ல, சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் துடைக்காமல் வைத்தால் புள்ளி புள்ளியாகத் துரு வரும்.

சிவிவியின் தாய் நிறுவனமான வீ நைஃப், ரியேட், கைசர் ஆகியவை செய்யும் டைட்டானியக் கத்திகளும் உண்டு. 200 முதல் 300 டாலருக்குள் பந்துத் தாங்கியில் (பால் பேரிங்) சுழலும் அலகு, உயர்ந்த எஃகு, குறையில்லாத கடைசல் எல்லாம் வருகின்றன. டைட்டானியத்தின் அழகும் தொடுகையும்தான் வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை இவைதான். விரலால் தட்டினால் சட்டென்று விரியும். செபென்ஸா வாஷரில் மெதுவாக, எண்ணெய் ஓடுவதுபோல் விரியும். எது நல்லது என்பது கையின் விருப்பம். பந்துத் தாங்கிக்குள் மணலும் தூசியும் புகுந்தால் கரகரக்கும், வாஷர் பொறுத்துக்கொள்ளும். வயலிலும் கட்டட வேலையிலும் புழங்குபவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

போலிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செபென்ஸாவின் உருவத்தையும் முத்திரையையும் அப்படியே திருடிச் செய்த போலிகள் பல ஆண்டுகளாகச் சந்தையில் திரிகின்றன. புத்தம்புதிய செபென்ஸா மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்க்கு என்று யாராவது சொன்னால் அது போலி. அதில் சொல்லப்படும் எஃகும் இருக்காது, பூட்டின் துல்லியமும் இருக்காது. பூட்டு நம்பமுடியாத கத்தி விரலுக்கு ஆபத்து. இன்னொருவருடைய உழைப்பைத் திருடியவரிடம் வாங்குவதைவிட, அதே பணத்தில் சொந்தப் பெயரில் நேர்மையாகச் செய்த சிறு கத்தியை வாங்குங்கள்.

இந்தியாவிலிருந்து வாங்குபவருக்குச் செபென்ஸாவின் வாதங்கள் சில வலுவிழக்கின்றன. அமெரிக்காவில் பிடிக்கவில்லை என்றால் கணிசமான விலைக்கு விற்றுவிடலாம். பழைய செபென்ஸாவுக்கு அங்கே எப்போதும் ஆள் உண்டு. இங்கே அப்படியொரு சந்தை கிடையாது. அனுப்பும் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து விலை இன்னும் ஏறும். பழுதுபார்க்கப் போய்ஸிக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது மறுபடியும் செலவு, மறுபடியும் சுங்கம். பிரித்துத் துடைக்கும் வேலையை நீங்களே செய்துகொள்ளலாம் என்பது மட்டும் இங்கேயும் மாறாமல் நிற்கும் பலன்.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். இந்தியாவின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் பொதுவாகக் குறிக்கின்றன. ஆனால் டெல்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று, விசையாலோ வேறு இயந்திர அமைப்பாலோ திறந்து மூடும், 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமும் 1.72 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அகலமும் உள்ள கத்திகளைக் கட்டுப்படுத்துகிறது. பெரிய செபென்ஸாவின் அலகு 9 சென்டிமீட்டருக்கு மேல். டெல்லிக்குப் போகிறவர் அதை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் தெளிவு: தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத வாய் உள்ள, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. அங்கே எந்தப் பூட்டுக் கத்தியும், விலை எதுவானாலும், சட்டைப் பைக்கு உரியதல்ல. லண்டனில் இருக்கும் ஒருவருக்கு நான் பூட்டில்லாத சிறிய சுவிஸ் கத்தியான விக்டோரினாக்ஸ் ஒன்றைத்தான் சொல்வேன். விமானத்தில் இந்த அளவுக் கத்திகள் கைப்பையில் போகாது. சோதனையில் பறிபோனால் நாற்பதாயிரம் போனதுதான்.

இனித் தீட்டுவது. மடக்குக் கத்தி வாங்குபவர்களில் பலர் இதை நினைப்பதே இல்லை. எவ்வளவு உயர்ந்த எஃகானாலும் மழுங்கும். ஒப்பினெலையும் விக்டோரினாக்ஸையும் எந்தச் சாணைக்கல்லிலும் சில நிமிடங்களில் தீட்டிவிடலாம். மேக்னாகட், எஸ்45விஎன் போன்ற உயர்ந்த எஃகுகளில் உள்ள வனேடியம் கார்பைடு துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லின் துகளைவிடக் கடினம். அவற்றுக்கு வைரத்தூள் பதித்த தட்டுதான் ஏற்றது. தெருவில் சக்கரச் சாணை பிடிப்பவரிடம் இவற்றைக் கொடுக்கவே கூடாது. அவர் கைத்திறன் குறைவு என்பதால் அல்ல, நீர் இல்லாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தின் சூட்டில் மெல்லிய வாயின் பதம் கெட்டுவிடும் என்பதால். தானே தீட்டத் தெரியாதவர் கையில் 500 டாலர் கத்தி சில மாதங்களில் மழுங்கிப்போய், நன்றாகத் தீட்டிய 20 டாலர் கத்தியைவிடப் பின்தங்கிவிடும்.

ஆகவே இன்னும் மடக்குக் கத்தியே வைத்திராதவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் துருப்பிடிக்காத ஒப்பினெல் 8, கூடவே இரண்டு பக்கமும் வெவ்வேறு நயமுள்ள ஒரு வைரத்தட்டு. ஓராண்டு புழங்குங்கள், நீங்களே தீட்டுங்கள். ஒரு கையால் திறக்க வேண்டும், பூட்டு இன்னும் உறுதியாக வேண்டும், கூர் இன்னும் நிற்க வேண்டும் என்று வேலையே உங்களிடம் கேட்டால் நடு விலைக்குப் போங்கள். பெரும்பாலோர் அங்கேயே நிறைவடைவார்கள், நிறைவடைய வேண்டும் என்பதே என் விருப்பமும். அதற்குப் பிறகும், கத்தியைப் பிரித்துப் பூட்டிய பிறகு திருகாணி தளர்வதும் அலகு ஆடுவதும் உங்களை உறுத்திக்கொண்டே இருந்தால், அப்போது செபென்ஸாவைப் பற்றி நினையுங்கள். அப்படிப்பட்டவர் அந்தப் பணத்தை வீணாக்கமாட்டார்.

வாங்கும் நாளில் பார்க்க வேண்டியவை: அலகை விரித்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள், எந்தப் பக்கமும் ஆட்டம் இருக்கக் கூடாது. பூட்டுத் துண்டு அலகின் அடியில் முதல் பாதிக்குள் நிற்க வேண்டும். புதிய கத்தியிலேயே பாதியைத் தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். மடக்கி வைத்தபோது அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் சமமாக அமர வேண்டும். சிறிய செபென்ஸாவின் அலகு 2.99 அங்குலம், அன்றாட வேலைக்கு அது போதும். நிறம் ஏற்றாத வெறும் கைப்பிடியை எடுங்கள். மிஞ்சும் பணத்தில் வைரத்தட்டு வாங்கிவிடலாம்.